ஒகேனக்கல் கரையில் மீன் பந்தி

ஒகேனக்கல் போய் வந்தவர்கள் அருவியையும் பரிசலையும் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த ஊரின் பெரிய கலை கூட்டமாக வருகிறவர்களுக்கு மீன் சமைத்துப் போடும் பெண்களின் கையில் இருக்கிறது. மீனும் அரிசியும் எண்ணெயும் நாம் வாங்கிக் கொடுக்கிறோம். அடுப்பும் பாத்திரமும் பக்குவமும் அவர்களுடையவை.

"மொத்தம் எத்தனை பேரு, அதுல சின்னப் பசங்க எத்தனை?" மீனைத் தொடும் முன் சமையல்கார அக்கா கேட்கிற இந்தக் கேள்வியிலேயே பந்தி தொடங்கிவிடுகிறது. கட்லாவுக்குத் தலை பெரிது. நிறுத்து வாங்கிய எடையில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். தலையும் வாலும் குழம்புக்கு, நடுத்துண்டு வறுவலுக்கு. ஆளுக்கு இரண்டு துண்டு தேறுமா என்பதை வெட்டும்போதே கணக்குப் போட்டுவிடுகிறார். பிள்ளைகளுக்கான துண்டுகளில் மிளகாய்த்தூள் கம்மி.

கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள். காவிரிக்குக் கொண்டுவந்து விடப்பட்டவை. ஒகேனக்கலுக்குக் கீழே, 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் நன்றாக வளர்கின்றன. ருசியில் கெளுத்தியும் ஆராலும் ஒரு படி மேல்தான். ஆனாலும் இருபது பேருக்குச் சமமாகப் பங்கு வைக்கக் கட்லாதான் தோது.

குழம்பை முதலிலேயே கொதிக்க வைத்து இறக்கிவிடுகிறார்கள். நாம் குளித்துவிட்டு வருவதற்குள் புளியும் காரமும் மீனில் இறங்கியிருக்கும். வறுவலோ இலை போட்ட பிறகே கல்லில் ஏறுகிறது. முன்பே பொரித்துக் குவித்தால் அடித்துண்டுகள் வியர்த்து மொறுமொறுப்புப் போய்விடும். சோற்றில் குழம்பு ஊற்றி இரண்டு கவளம் உள்ளே போனதும் இலைக்கு ஒரு துண்டு வருகிறது. வரிசை முடிந்த பிறகுதான் அடுத்த சுற்று. முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் ஒரே சூடு! பெரிய கல்யாண மண்டபங்களில்கூட இதை நான் அதிகம் கண்டதில்லை.

இந்தக் குழம்புக்குச் சோற்றைவிடத் தர்மபுரிச் சீமையின் ராகிக் களிதான் பொருத்தம் என்பேன். முடிந்தால் கிண்டித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

போகிறவர்கள் பதினொரு மணிக்குள் மீனைச் சமைக்கும் பெண்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் இன்னும் சீக்கிரம். தலைக்கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள். சாப்பிட்ட இலையை ஆற்றில் வீசாதீர்கள். பேசிய கூலிக்கு மேல் கொஞ்சம் சேர்த்தே கொடுங்கள்.