பரிந்து பேச ஒருவர்: பெங்களூரு வீடுகளின் அன்றாட மன்றாட்டு

பெங்களூரு சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயத்தில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம். செப்டம்பர் 8 தேர்த் திருவிழா. காவி உடுத்தி வரும் கூட்டத்தையும், சேலை உடுத்திய மாதாவையும் பத்திரிகைகள் ஆண்டுதோறும் படமெடுத்துப் போடுகின்றன. ஆய்வாளர்களின் கண்ணும் பெரும்பாலும் தேரிலும் நேர்ச்சையிலுமே நின்றிருக்கிறது. கடவுளிடம் நமக்காகப் பரிந்து பேச ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை, திருவிழா இல்லாத நாட்களில் ஒரு வீட்டை எப்படி நடத்துகிறது? இந்தக் கேள்விக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

புனிதர் வணக்கம் பற்றி 1981இல் வெளிவந்த பீட்டர் பிரவுனின் நூல் இத்துறையின் போக்கையே மாற்றியது. பிற்கால ரோமச் சமூகத்தில் எளியவருக்காகப் பேசிய செல்வாக்குள்ள புரவலரின் சாயலிலேயே மக்கள் புனிதரை நெருங்கினர் என்றார் அவர். தென்னிந்தியப் புனிதர்களை அம்மன், வீரர், அரசர் ஆகியோரின் உலகத்தோடு சேர்த்துப் பார்த்தார் சூசன் பெய்லி (1989). தமிழகக் கிராமமொன்றில் புனிதரின் திருவிழாவும் சாதி மரியாதையும் பின்னிக் கிடந்ததை விரித்தார் டேவிட் மோஸ் (2012). மாதா தங்கள் மேல் இறங்குவதாகச் சொன்ன மூன்று தமிழ்ப் பெண்களோடு பழகி எழுதினார் கிறிஸ்டின் புளூமர் (2018). எல்லாமே கனமான நூல்கள். ஆனால் அதிகாரத்தையும் மரியாதைச் சண்டையையும் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய துறைக்கு, இரவுச் செபத்தின் குரல் போதுமான அளவு கேட்கவில்லை என்பதே என் எண்ணம். அதற்குக் கிட்டே வந்தவர் ராபர்ட் ஓர்சி. சிகாகோவின் யூதா ததேயு திருத்தலத்துக்குப் பெண்கள் எழுதிய கடிதங்களை 1996இல் வெளிவந்த நூலில் அவர் பொறுமையாக வாசித்திருக்கிறார்.

சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பத்தின் வாரம் தனிக் கணக்கில் ஓடுகிறது. செவ்வாய் அந்தோனியாருக்கு, வியாழன் விவேக்நகர் குழந்தை இயேசுவுக்கு, சனி மாதாவுக்கு. இரவானால் 53 மணிச் செபமாலை. அதன் ஒவ்வொரு சிறு மணியிலும் மாதாவிடம், பாவிகளான எங்களுக்காக இப்போதும் சாகும் நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்றே கேட்கிறார்கள். ஒரு பத்து மணி தொடங்குமுன் யாராவது ஒரு பெயரைச் சொல்வார்கள்: ஆஸ்பத்திரியில் கிடக்கும் சித்தப்பா, வேலை போன பக்கத்து வீட்டுப் பையன், இறந்துபோன ஆயா. அந்தப் பத்து மணியும் அவர்களுக்கு. தனக்காகப் பேச ஒருத்தி இருக்கிறாள் என்று நம்புகிறவர், உட்கார்ந்த இடத்திலேயே அடுத்தவருக்காகப் பேசுகிறவராகவும் ஆகிவிடுகிறார். பிரவுன் சொன்ன புரவலர் உறவு இதை முழுதாக விளக்காது. புரவலரிடம் போகிறவர் பெரும்பாலும் தன் காரியத்துக்குத்தான் போவார்.

இறையியல் இதில் கவனமாகவே இருக்கிறது. மரியாவின் பரிந்துரை, ஒரே இடைநிலையாளரான கிறிஸ்துவின் மாண்பைக் குறைப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வரையறுத்தது. மரியாவை ‘இணை மீட்பர்’ என்று அழைப்பது பொருத்தமற்றது என்று 2025 நவம்பரில் வத்திக்கான் மறுபடியும் சொன்னது.

இதே பெங்களூரின் லிங்கராஜபுரத்தில், சீர்திருத்தச் சபைகளான சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடுகளில் புனிதர் படங்களுக்கு இடமில்லை. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்பது 1 தீமோத்தேயு 2:5 தரும் உறுதி. குடும்ப ஜெபம் இயேசுவின் நாமத்தில்தான் முடியும். ஆனால் மற்றவருக்காக மன்றாடுவது இங்கே குறைந்துவிடவில்லை. இயேசு நமக்காகப் பரிந்து பேச எப்போதும் உயிரோடிருக்கிறார் என்ற எபிரெயர் நிருபத்தின் நம்பிக்கையே, விசுவாசியைப் பிறருக்காகத் ‘திறப்பில் நிற்க’, அதாவது அவர்கள் சார்பில் நின்று மன்றாட, அழைக்கிறது. கூடுகைகளில் ஜெபக்குறிப்பு கேட்பார்கள். விசா, கர்ப்பம், கடன், குடி என்று ஒவ்வொன்றும் பெயரோடு நோட்டில் ஏறும். இப்போது வாட்ஸ்அப்பிலும் ஏறுகிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் கொள்கையில் பிரியும் இடத்திலேயே நடைமுறையில் இவ்வளவு நெருங்குவதை ஒப்பிட்டு ஆராய, இரண்டு வகை வீடுகளும் அருகருகே இருக்கும் பெங்களூரைவிட வசதியான ஊர் அரிது.

அந்த நோட்டுகளை இனி வாசிக்க வேண்டும். யார் பெயரை யார் சொன்னார், எத்தனை மாதம் அது நின்றது, கேட்டது கிடைக்காதபோது என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். தமிழும் கன்னடமும் தெரிந்த, இரவுச் சாப்பாட்டுக்கு முன் அந்த வீடுகளில் பாயில் உட்கார இடம் கிடைக்கிற ஆய்வாளர் இதற்கு வேண்டும்.