பள்ளி என்னும் சொல்லும் கணினித் தேடலும்

திருச்சிராப்பள்ளி என்னும் பெயரின் ஈற்றில் நிற்கும் 'பள்ளி', கணினி வழியே தமிழ் நூல்களில் தேடுவோர்க்கு நல்லதொரு சோதனை. மலைக்கோட்டைக் குன்றின் குகையில் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் உள்ளன. அவர்தம் உறைவிடத்திற்குப் பள்ளி என்று பெயர். காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தில் அரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். நாம் தொழச் செல்வதும் பள்ளி, பிள்ளைகள் படிக்கச் செல்வதும் பள்ளி. எழுத்துகளை மட்டுமே ஒப்பிடும் தேடல் இந்நான்கையும் ஒரே குவியலாகக் கொட்டிவிடும்.

அதே தேடல் வேண்டியதை மறைக்கவும் செய்யும். 'மசூதி' என்று கேட்டால் 'பள்ளிவாசல்' வாராது. 'அரங்கம்' என்று கேட்டால் 'அரங்கத்தில்' அகப்படாது; ஈற்று மகரம் கெட்டுவிட்டதல்லவா! 'முஸ்லிம்' என்று தேடுபவருக்குச் 'சோனகர்' தென்படார். திருவரங்கக் கோயிலுக்குள்ளேயே சன்னதி கொண்ட துலுக்க நாச்சியாரும் தென்படார். நம் வரலாற்றை ஆராயும் மாணவர், கணினி காட்டவில்லை என்பதால் சான்றே இல்லை என்று எழுதிவிடுவாரோ என்பதே என் அச்சம்.

சொல்லறிவைக் கணினிக்கு ஊட்டினால் குறை தீரும் என்கின்றனர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1985இல் தொடங்கிய 'வேர்ட்நெட்' அதற்கு முன்மாதிரி. இதைப் புத்தம் புதிதென வியப்போர் சூடாமணி நிகண்டைப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை முதற் பத்துத் தொகுதிகள் திரட்டுகின்றன. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைப் பதினோராம் தொகுதி பிரித்துக் காட்டுகிறது. அரபியிலோ, முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாக்கியின் திருக்குர்ஆன் சொல்லடைவு வேரெழுத்துகளை அடிப்படையாகக் கொண்டது. காதிப், கிதாப், மக்தூப் மூன்றும் ஓரிடத்திலேயே கிடைக்கும்.

ஆயினும் சேர்க்கும் அறிவை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரிக்கும் அறிவை விட்டுவிடுவது பிழை. 'பள்ளி'க்குரிய மாற்றுச் சொற்களையெல்லாம் தேடலில் சேர்த்தால் குவியல்தான் பெருகும். எலன் வூர்ஹீஸ் 1994இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது: கேள்வி ஓரளவு முழுமையாக இருக்கும்போது வேர்ட்நெட் சொற்களைச் சேர்ப்பதால் பெரும்பயன் விளையவில்லை; குறைபட்ட கேள்விக்கோ, மனிதர் தெரிந்தெடுத்துச் சேர்த்த சொற்கள் பயன் தந்தன. தெரிந்தெடுக்க வல்லவர் ஏடும் மொழியும் அறிந்த புலவரே. நிரலர் தனித்துச் செய்யக்கூடிய பணியன்று இது.

அண்டைச் சொற்களைக் கொண்டு பொருளை உய்த்துணரும் முறைகளும் இன்று வந்துள்ளன. 'இமாம்' அருகிலிருந்தால் தொழுமிடம். 'கொண்ட' தொடர்ந்தால் துயில். 'பள்ளியில் ஓதினார்' என்னும் தொடர்தான் இடர்ப்படுத்தும். தொழுமிடமா, கற்குமிடமா என்பதை எழுதியவரே விளக்காது விட்டிருக்கையில், அங்கே நான் கணினியைக் குறை கூறமாட்டேன்.