மொழிபெயர்த்த வினாவும் அளவுகோலும்: காக்ஸ் டவுன் தமிழ்வழி மாணவரை முன்வைத்து

ஒரே வினாத்தாளைப் பல மொழிகளில் அச்சிட்டு, பல லட்சம் மாணவருக்கு ஒரே நாளில் வழங்கி, அவர்தம் விடைகளை ஒரே அளவுகோலில் நிறுத்தி ஒப்பிடுவது தரப்படுத்தப்பட்ட தேர்வின் அடிப்படை முறையாகும். 2021 நவம்பர் 12 அன்று நடைபெற்ற தேசிய அடைவு ஆய்வில் 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 34 லட்சம் மாணவர் 22 பயிற்றுமொழிகளில் தேர்வு எழுதினர். எட்டாம் வகுப்பின் தேசியச் சராசரி 500 புள்ளி அளவுகோலில் மொழிப்பாடத்திற்கு 302, கணிதத்திற்கு 255, அறிவியலுக்கு 250 என அறிவிக்கப்பட்டது. இவ்வெண்கள் குறித்து ஆசிரியர் பற்றாக்குறை, பெருந்தொற்றுக் காலப் பள்ளி மூடல், பாடத்திட்டச் சுமை எனப் பல கோணங்களில் விவாதம் எழுந்தது. 22 மொழிகளிலும் கேட்கப்பட்டது ஒரே வினாதானா என்பது பெரிதும் கேட்கப்படாமலே போயிற்று. கல்வியியலார் இதனைத் தேர்வின் ஏற்புடைமைச் சிக்கல் என்பர்; அதன் வேர் மொழிபெயர்ப்பில் உள்ளது.

இச்சிக்கலைக் காண்பதற்குத் தமிழ்நாட்டைவிடப் பெங்களூர் பொருத்தமான களம். 1881 முதல் 1947 வரை பிரித்தானியர் நிருவாகத்தில் இருந்த படைவீட்டுப் பகுதியில் சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் அல்சூர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் முதலிய இடங்களில் இன்றும் வாழ்கின்றனர். காக்ஸ் டவுன் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும் தக்கினி உருதும், கடைப் பலகைகளில் ஆங்கிலமும் கேட்டும் கண்டும் வளர்கிறது. கர்நாடக அரசு தமிழிலும் பாடநூல்களை அச்சிட்டு வருகிறது. ஆயினும் பெற்றோரின் நாட்டம் ஆங்கில வழிக்குச் சென்றுவிட்டதால் தமிழ்வழிப் பிரிவில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே. இம்மாணவரே அளவீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றனர். ஆண்டறிக்கையாக வெளிவரும் ‘அசர்’ ஆய்வு ஊரகப் பகுதிகளுக்கு உரியதாகையால் காக்ஸ் டவுன் அதன் எல்லைக்குள் வருவதில்லை. தேசிய அடைவு ஆய்வின் மாவட்ட அறிக்கைகளோ பால், ஊரகம்–நகரம், பள்ளி நிருவாகம், சமூகப் பிரிவு என்ற அடிப்படைகளில் பகுத்துக் காட்டின. பயிற்றுமொழி அவற்றுள் ஒன்றாக இடம்பெறவில்லை. ஆகவே தமிழ்த் தாளில் ஒரு வினா பழுதுபட்டிருப்பின் அப்பழுது பெங்களூர் மாவட்டச் சராசரிக்குள் கரைந்துவிடும்.

பழுது எவ்வகையில் நேரும் என்பதற்கு நடுநிலை வகுப்பு வினாக்களின் போக்கில் அமைத்த சில மாதிரிகளைக் காணலாம். பாலூட்டியல்லாத விலங்கைத் தெரிவு செய்யும்படி ஆங்கிலத்தில் ஒரு வினா உள்ளதெனக் கொள்வோம். இலக்கணம் வழுவாத மொழிபெயர்ப்பாளர் அதனைப் ‘பின்வருவனவற்றுள் பாலூட்டி அன்று எது?’ எனப் பெயர்ப்பார். ஒருமைக்கு ‘அன்று’, பன்மைக்கு ‘அல்ல’ என்பது மரபு. குறை சொல்ல இடமில்லை. ஆனால் பதின்மூன்று வயதுக் குழந்தை அறிந்த ‘அன்று’ அந்த நாளைக் குறிப்பது. எதிர்மறையை அது தவறவிட்டு முதலில் தென்படும் பாலூட்டியைக் குறித்துவிடும். முதலை பாலூட்டி இல்லை என்பதை அக்குழந்தை நன்கு அறிந்திருக்கலாம். அளக்கப்பட்டது அறிவியல் அறிவன்று, குறிப்புவினைமுற்றுப் பயிற்சி. ‘பாலூட்டி அல்லாதது எது?’ என்று கேட்டிருப்பின் மரபும் காக்கப்பட்டிருக்கும், குழந்தையும் தடுமாறியிராது.

இதற்கு எதிர்த்திசையிலும் வழு நேர்வதுண்டு. தாவரங்கள் உணவு தயாரிக்க எதிலிருந்து ஆற்றலைப் பெறுகின்றன என்பதை அறிய, ‘தாவரங்கள் தம் உணவைத் தயாரிக்க ஆற்றல் மூலமாக ______யைப் பயன்படுத்துகின்றன’ என்ற கோடிட்ட இட வினாவும், மண், காற்று, ஒளி, வெப்பம் என்ற நான்கு விடைகளும் தரப்படுகின்றன என்க. மண் ‘மண்ணை’ என்றும், காற்று ‘காற்றை’ என்றும், வெப்பம் ‘வெப்பத்தை’ என்றும் ஆகும். ‘யை’ ஏற்பது ‘ஒளி’ ஒன்றே. அறிவியல் வகுப்பில் தூங்கிய பிள்ளையும் செவியறிவால் விடையைக் கண்டுபிடித்துவிடும். ஆங்கிலத்தில் சொல் வேற்றுமையால் உருமாறாமையால் மூல ஆசிரியருக்கு இவ்வையமே எழுவதில்லை. வினா தமிழில் எளிதாகிவிட்டது. அட்டவணையில் தமிழ் மாணவர் ஒளிச்சேர்க்கையில் தேர்ந்தவராகத் தோன்றுவர். (தமிழின் மரியாதைப் பன்மை சிலவிடங்களில் தேர்வாளருக்கு உதவுவதும் உண்டு: ‘கண்டறிந்தவர் யார்?’ என்பதால் மேரி கியூரியா, அவருடன் பட்டியலில் உள்ள ஆடவரா என்பது வெளிப்படாது.)

கணிதத்தில் சிக்கல் சொல்லில் இல்லை, தொடரமைப்பில் உள்ளது. ‘நீளத்தைவிட 5 செ.மீ. குறைவான அகலத்தையும் 50 செ.மீ. சுற்றளவையும் உடைய செவ்வகத்தின் நீளம் எவ்வளவு?’ என்பது பிழையற்ற தமிழ். ஆங்கிலத்தில் செவ்வகம் முதலில் வந்து நிற்க, அதன் இயல்புகள் பின்தொடர்கின்றன. தமிழில் அடை முன்னும் தலைச்சொல் பின்னுமாக அமைதல் இயற்கை. எனவே தமிழில் படிக்கும் குழந்தை, எதன் நீளம், எதன் அகலம் என்பது தெரியாமலே இரண்டு எண்களைச் சுமந்துகொண்டு தொடரின் கடைக்கோடி வரை செல்ல வேண்டியுள்ளது. ‘ஒரு செவ்வகத்தின் சுற்றளவு 50 செ.மீ. அதன் அகலம் நீளத்தைவிட 5 செ.மீ. குறைவு. நீளம் எவ்வளவு?’ என முத்தொடராக்கினால் சுமை நீங்குகிறது. விடை 15 செ.மீ. என்பதில் மாற்றமில்லை.

இவ்வாறு பிரித்தெழுதுதல் வினாவை எளிதாக்கிவிடும், ஒப்பீடு கெடும் எனத் தேர்வியலார் தடை எழுப்புவர். அத்தடையைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் பிரித்தெழுதியதால் வினா எளிதாயிற்று எனின், மூலவினாவும் கணிதத்தோடு சேர்த்து வாசிப்புத் திறனை அளந்துகொண்டிருந்தது என்றே பொருள். வெர்னரும் காம்பெல்லும் 1970இல் முன்வைத்த வழி இங்கே கருதத்தக்கது. மூலத்தைத் தொடக்கூடாத ஒன்றாகக் கொள்ளாமல், பெயர்ப்பில் எழும் இடர்களைக் கொண்டு மூலத்தையே திருத்திக்கொள்வது அவ்வழி. ஆங்கில வினாவையும் முத்தொடராக்கினால் தடை தானே அகலும். இந்தியத் தேர்வுகளில் மொழிபெயர்ப்பு, வினாத்தாள் முடிவான பின்னர் நிகழும் கடைசி எழுத்துவேலையாக அமையும்வரை இது நடவாது.

மறுபெயர்ப்புச் சோதனை போதுமென்பார் பலர். தமிழாக்கத்தை வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒத்துப்பார்க்கும் இம்முறையை 1970இல் பிரிஸ்லின் விரிவாக ஆராய்ந்தார். மேற்காட்டிய மூன்று வினாக்களும் இச்சோதனையில் குறைவறத் தேறிவிடும் என்பதே அதன் போதாமைக்குச் சான்று. ‘பாலூட்டி அன்று எது’ என்பதைப் படித்த ஒருவர் பிழையின்றி ஆங்கிலமாக்குவார். ‘யை’ ஆங்கிலத்தில் மறைந்துபோகும். அடையடுக்கு மீண்டும் தன் ஆங்கில வடிவத்தை அடைந்துவிடும். மறுபெயர்ப்பு சோதிப்பது மொழிபெயர்ப்பாளரின் புரிதலை மட்டுமே. குழந்தையின் புரிதல் அதன் வரம்பிற்கு வெளியே நிற்கிறது. பிசா தேர்வு ஆங்கிலம், பிரெஞ்சு என்னும் இரு மூலங்களிலிருந்து தனித்தனியே பெயர்த்து இரண்டையும் இணக்கும் முறையைக் கையாள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பிசா என்றதும் தமிழ்நாடு நினைவுக்கு வரும். இமாசலப் பிரதேசத்துடன் தமிழ்நாடும் பங்கேற்ற தேர்வின் முடிவுகள் 2011 டிசம்பரில் வெளியாயின. பதினைந்து வயது மாணவருக்கான அத்தேர்வில் தமிழ்நாடு வாசிப்பில் 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348 பெற்று, இமாசலம் நீங்கலாகப் பெரும்பாலும் கடைவரிசையில் நின்றது. வளர்ந்த நாடுகளின் சராசரி 500ஐ ஒட்டி இருந்தது. வினாக்கள் இந்தியச் சூழலுக்கு அந்நியமானவை என்ற விளக்கம் அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. இந்தியா அடுத்த சுற்றுகளில் பங்கேற்கவில்லை. அவ்விளக்கம் வலுவற்றது. 150 புள்ளி இடைவெளியை எந்த மொழிபெயர்ப்பாளரும் தனியொருவராக உண்டாக்க இயலாது. பள்ளிக் கல்வியின் குறையை மொழிபெயர்ப்பின்மேல் ஏற்றுவது தப்பித்தலே. ஆனால் மாவட்டத்திற்கு மாவட்டம், மொழிக்கு மொழி ஐந்தும் பத்துமான புள்ளி வேறுபாடுகளை வைத்து வரிசைப்பட்டியல் இடும்போது நிலைமை வேறு. அத்தகைய சிறு வேறுபாடுகளுக்குச் சில பழுதுபட்ட வினாக்களே போதுமானவை.

கர்நாடகத்தில் இது பட்டியலோடு நிற்பதாக இல்லை. 2023 மார்ச்சில் 5, 8 ஆம் வகுப்புகளுக்கான பொதுமதிப்பீட்டை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி நீக்க, பிரிவு அமர்வு அனுமதிக்க, மார்ச் 27இல் தேர்வு தொடங்கியது. 2024இலும் வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்று, முடிவுகளை வெளியிட ஏப்ரல் 8இல் தடை விதிக்கப்பட்டது. கல்வி உரிமைச் சட்டம், தேர்ச்சி நிறுத்தம், பள்ளிகளின் உரிமை ஆகியவையே வாதத்தின் முதன்மைப் பொருள்களாக விளங்கின.

கலைச்சொல் இன்னொரு முனை. தமிழ்நாட்டு மாணவருக்கு ‘ஒளிச்சேர்க்கை’, ‘செல்’, ‘ஹைட்ரஜன்’. இலங்கை மாணவருக்கு ‘ஒளித்தொகுப்பு’, ‘கலம்’, ‘ஐதரசன்’. இரண்டு நாடுகள், இரண்டு தேர்வுத் துறைகள், முரண்பாட்டினால் தீங்கில்லை. பெங்களூரில் அச்சாகும் தமிழ்ப் பாடநூலும் சென்னையில் அச்சாகும் தமிழ்ப் பாடநூலும் ஒரே தேசியத் தேர்வின் தமிழ்த் தாளைச் சந்திக்கும்போதுதான் இடர். இரு நூல்களும் ஒரு சொல்லுக்கு உடன்பட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. சொல் வேறுபடுமிடத்தில் காக்ஸ் டவுன் மாணவர் கருத்தை அறிந்தும் வினாவை அறியாதவராவார்.

ஒத்த திறனுடைய இரு மொழி மாணவர் ஒரு குறிப்பிட்ட வினாவில் மட்டும் பெரிதும் வேறுபடுகின்றனரா எனப் புள்ளியியலால் கண்டறியும் முறை உண்டு. அதற்குப் போதிய எண்ணிக்கையில் மாணவர் வேண்டும். பெங்களூர்த் தமிழ்வழி வகுப்புகள் அந்த எண்ணிக்கையை எட்டுவது அரிது. எனவே சிறுபான்மைப் பயிற்றுமொழிகளுக்கு எளிய முறையே ஏற்றது: தாள் அச்சுக்குச் செல்லுமுன் பத்துப் பதினைந்து மாணவரை வினாவை உரக்கப் படிக்கச் செய்து, அது என்ன கேட்கிறது என்பதைத் தம் பேச்சுமொழியில் சொல்லுமாறு பணித்தல். ‘அன்று’ அந்த நாளாகிவிடும் இடம் அப்போதே தெரிந்துவிடும். இதனுடன் கர்நாடக, தமிழ்நாட்டுப் பாடநூல்களின் கலைச்சொற்களை வகுப்பு வாரியாக அருகருகே நிறுத்திய பட்டியல் ஒன்று மொழிபெயர்ப்பாளர் கையில் இருத்தல் வேண்டும். ஆறு முதல் எட்டு வரையிலான மூன்று வகுப்புகளின் கணித, அறிவியல் நூல்களுக்கு இதனைத் தொகுப்பது ஒரு சிறு ஆய்வுக் குழுவிற்குச் சில திங்களில் முடியும் பணி.