அந்த அறைக்குள் போன கேமரா

'விடுதலை' முதல் பாகம் 2023 மார்ச் கடைசி நாளில் வெளியானது. ஓசூரில் இரவுக் காட்சி பார்த்தேன். பக்கத்து சீட்டில் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்த பையன்கள். விசிலும் கைத்தட்டலுமாக இருந்த தியேட்டர், அந்த விசாரணை முகாம் காட்சி வந்ததும் கப்சிப். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிராமத்துப் பெண்களை அறைக்குள் தள்ளி, ஆடையைப் பறித்துச் சித்திரவதை செய்கிறார்கள். வெளியே கான்ஸ்டபிள் குமரேசன் துடிக்கிறார், கெஞ்சுகிறார், ஓடுகிறார். காட்சி உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி வெட்டப்படுகிறது.

சூரியின் நடிப்பில் குறையில்லை. வெற்றிமாறனின் கோபமும் நிஜம். ஆனால் வெளியே வந்து டீ குடிக்கும்போது ஒன்று உறுத்தியது. அந்தப் பெண்களின் வலி, குமரேசன் எவ்வளவு வேகமாக ஓடவேண்டும் என்று காட்டுகிற மீட்டராகத்தானே படத்தில் இருக்கிறது? பெருமாள் வாத்தியார் பிடிபட்டதும் கதை இரண்டு ஆண்களுடையதாகிவிடுகிறது. அந்தப் பெண்கள் அப்புறம் என்ன ஆனார்கள்? யாரிடமாவது புகார் சொன்னார்களா? 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகமும் வாத்தியாரின் கதையாகவே போய்விட்டது.

படம் ஜெயமோகனின் 'துணைவன்' கதையை ஒட்டியது. ஆனாலும் அந்தக் காட்சியில் எனக்கு வாச்சாத்திதான் ஞாபகம் வந்தது. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அரூர் பக்கத்து மலைக் கிராமத்துக்குள் நுழைந்தன. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது தருமபுரி மாவட்டம்தான்; 2004-ல்தான் பிரித்தார்கள். ஆக, நடந்தது நம்ம மாவட்டத்தில். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கைதானவர்களில் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். அனுப்பியது சேலம் சிறைக்கு.

இந்த மாதிரி வழக்குகளில் எதிர்த்தரப்பு தவறாமல் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "ஏம்மா உடனே சொல்லலை?" யாரிடம் சொல்வது? பிடித்தவர்களும் காக்கி, காவலுக்கு நின்றவர்களும் காக்கி. சிறையில் இருந்துகொண்டு, தன்னைச் சீரழித்தவர்கள் மேல் புகார் கொடு என்றால் எப்படிக் கொடுப்பது?

வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது 1995-ல். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29-ல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது கோர்ட். அப்பீலில் நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். செப்டம்பர் 29-ல், சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே தேதியில், தண்டனையை உறுதி செய்தார். பெண்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய். அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவு.

முதல் தீர்ப்புக்கே பத்தொன்பது வருஷம். அதிகாரியிடம், சி.பி.ஐ.யிடம், கோர்ட்டில் என்று அதே நாளை அந்தப் பெண்கள் எத்தனை தடவை திரும்பச் சொல்லியிருப்பார்கள்! ஒவ்வொரு தடவையும் அந்த அறைக்குள் போய்வந்த மாதிரிதான். எனக்கு அந்தப் படம்தான் வேண்டும். அதை எடுக்க யாருடைய ஆடையையும் கழற்ற வேண்டியதில்லை. 'ஜெய் பீம்' கொஞ்சம் கிட்டே போனது. செங்கேணி பேச, வக்கீல் பொறுமையாகக் கேட்கிறார். ஆனால் கோர்ட்டுக்குள் போனதும் சூர்யாவின் குரல்தான் நமக்குக் கேட்கிறது.

சட்டம் மாறாமல் இல்லை. 2013-க்குப் பிறகு பெண் போலீஸ்தான் வாக்குமூலம் எழுதவேண்டும். இரண்டு விரல் பரிசோதனையைச் செய்தால் அது ஒழுங்கீனம் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் கண்டித்தது. எந்த ஊரில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்பது, 2024 ஜூலையில் அமலான புதிய சட்டத்தில் எழுத்தாகவே இருக்கிறது.

சரி, நம்ம ஊருக்கு வாங்க. சிப்காட் பக்கம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஒடிசாப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். அத்திப்பள்ளியில் ஏதோ நடந்து, பஸ் ஏறி ஓசூருக்கு ஓடிவருகிறாள். 'அது கர்நாடகாம்மா, அங்க போ' என்று துரத்த முடியாது, சட்டம் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிற ஊர்தான் இது. ஆனால் அவள் பாதி ஹிந்தியிலும் பாதி அழுகையிலும் சொல்வதை, எழுதுகிற பெண் போலீஸ் எந்தத் தமிழில் எழுதுவார்? அவள் பயத்தில் விட்டுவிட்ட ஒரு வரியை நாலு வருஷம் கழித்துக் கோர்ட்டில் சொன்னால், அதற்கு 'முரண்பாடு' என்று பெயர் வைப்பார்கள்.

எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல தண்ணி குடிம்மா, மெதுவா சொல்லு" என்கிற காட்சியை எந்தத் தமிழ்ப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் பெயரை எழுதி அனுப்புங்கள். எந்த ஓ.டி.டி.யில் கிடைக்கும் என்பதையும் சேர்த்து.