ஒரு கழித்தல் குறியின் இருபுறம்

கணிதப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது கழித்தல் குறியை. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வரும்போது அது ஒரு செயல். இருபுறமும் கொஞ்சம் காற்று வேண்டும். எண்ணுக்கு முன்னால் வரும்போது அந்த எண்ணின் உடம்போடு ஒட்டிய உறுப்பு. மயிரிழை இடமும் கூடாது. விசைப்பலகையில் இரண்டும் ஒரே விசைதான். அந்தக் காலத்து அச்சுக்கோப்பாளர் கண்ணால் பார்த்துத் தீர்மானித்த இந்த வேற்றுமையை டெஃக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் தானே கண்டுகொள்கிறது. குறிக்கு முன்னால் நிற்பது என்ன என்று பார்த்து அதற்கேற்ப இடம் விடுகிறது. எழுத்தளவை 18 கூறாக்கி, கூட்டல் கழித்தலுக்கு இருபுறமும் 4 கூறு, சமக்குறிக்கு 5. அந்த ஒரு கூறில்தான் சமன்பாட்டின் நடையே இருக்கிறது. சமக்குறி வாக்கியத்தின் பயனிலை போன்றது, கண் அங்கே ஒரு கணம் நின்று போக வேண்டும். அதே குறிகள் அடுக்காக மேலே ஏறிச் சிறுத்துவிட்டால் இந்த இடைவெளிகள் போய்விடும். அந்த உயரத்தில் நெருக்கம்தான் அழகு.

டெஃக்கை உருவாக்கிய டொனால்ட் கனூத் ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர். 1977இல் தன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பைப் பார்த்தார். முதல் பதிப்பு ஈயத்தில் வார்த்த எழுத்து. இது ஒளியச்சு, பார்க்கச் சகிக்கவில்லை. ஓராண்டில் ஒரு நிரல் எழுதிச் சரிசெய்துவிடலாம் என்று இறங்கியவருக்குப் பத்தாண்டு போயிற்று. டெஃக் என்ற பெயரின் கடைசி எழுத்து தொண்டையில் உரசி வரும் கிரேக்க ஒலி. நமக்கு அது சிரமமில்லை, 'எஃகு' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும். கலைக்கும் கைத்தொழிலுக்கும் சேர்த்துக் கிரேக்கர் வைத்திருந்த ஒரே சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது.

பத்தியை வரிகளாக உடைக்கும் விதத்தில் டெஃக்குக்கு நிகர் கிடையாது என்பது என் முடிவு. மற்றவற்றில் பெரும்பாலானவை ஒரு வரி நிரம்பியதும் அடுத்த வரிக்குப் போய்விடும். டெஃக் பத்தி முழுவதையும் படித்த பிறகே முதல் வரியை முடிக்கும். சொற்களுக்கு நடுவே இருப்பது நீளவும் சுருங்கவும் கூடிய ஒரு பசை. அது அதிகம் இழுபட்டால் இழுபட்ட அளவின் மும்மடிப் பெருக்கத்தில் குற்றம் ஏறும். மொத்தக் குற்றம் குறைந்த வழிதான் தேர்வாகும். கடைசி வரிக்காக இரண்டாவது வரி ஒரு சொல்லை விட்டுக்கொடுப்பதுண்டு. நீண்ட சொற்களும் ஒடுங்கிய பத்திகளுமாய் நம் பத்திரிகைகளில் வரிக்கு வரி வெள்ளை ஓட்டைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இந்தக் கலை இந்தியாவில் வேர்பிடித்த இடங்களில் முக்கியமானது திருவனந்தபுரம். கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகக் கணிதத் துறை இருக்கிறது. அங்கே டெஃக்கைக் கொண்டுவந்து மாணவர்களுக்குப் பழக்கியவர் கே.எஸ்.எஸ். நம்பூரிபாட். அரைக்குலங்களின் அமைப்பு பற்றிய அவருடைய 1979ஆம் ஆண்டு நூலை அமெரிக்கக் கணிதவியல் கழகம் வெளியிட்டது. ஒமேகாவின் தோளில் இடம், வலம் என்று சிற்றெழுத்து ஏறிய உறவுக்குறிகளில் சிந்தித்தவர் அவர். அவற்றைத் தட்டச்சில் அடித்துவிட்டு மிச்சத்தைப் பேனாவால் நிரப்பிய தலைமுறைக்கு, குறியைச் சொல்லால் எழுதினால் பக்கத்தில் வடிவாக வந்து நிற்பது என்ன அனுபவமாக இருந்திருக்கும்! இந்திய டெஃக் பயனர் குழு 1998இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியபோது தலைமையேற்றவரும் அவரே.

2002 செப்டம்பர் 4 முதல் 7 வரை உலக டெஃக் பயனர்களின் ஆண்டு மாநாடு கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் நடந்தது. அடுத்த ஆண்டு இந்தியக் குழு, டெஃக்கின் மேல் கட்டிய லேடெஃக்குக்கு ஒரு பாடநூலை வெளியிட்டு, யாரும் பகிரலாம் என்று விட்டுவிட்டது. நான் கற்றது அதில்தான். அவசரப்படுத்தாத நூல்; முதல் பின்னத்தை எழுதவைத்துவிட்டு அதைப் பார்த்து ரசிக்க நேரம் கொடுக்கும். சி.வி. ராதாகிருஷ்ணன் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ரிவர் வேலி நிறுவனத்தில்தான் எல்செவியர் பதிப்பகத்தின் இதழ்களுக்கான லேடெஃக் வார்ப்புரு உருவானது. உலகெங்கும் ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையை அதில் ஊற்றுகிறார்கள். அதன் கையேட்டில் மாதிரி முகவரியாக நெடுங்காலம் இருந்தது இந்த நகரத்துக் காட்டன் ஹில்ஸ்!

சொல்லால் எழுதிய கணிதம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதால்தான் எனக்கு இதில் இவ்வளவு பிடிப்பு. கேரளக் கணித அறிஞர் ஜ்யேஷ்டதேவர் 1530ஐ ஒட்டி எழுதிய 'யுக்திபாஷா'வில் முடிவிலாத் தொடர்களின் நிரூபணம் முழுவதும் மலையாள உரைநடை. ஒரு குறிகூட இல்லை. அவருக்கும் முன்னால், பதினான்காம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராம மாதவன், பையின் மதிப்பைச் செய்யுளாகவே சொல்லிவைத்தார். கண் என்றால் 2, யானை என்றால் 8, வேதம் என்றால் 4. விட்டம் 90,000 கோடி என்றால் சுற்றளவு 2827433388233. வகுத்துப் பார்த்தால் 3.14159265359, பதினொரு தசம இடம் வரை சரி.

பைக்கு மாதவன் கண்ட முடிவிலாத் தொடரை ஒருநாள் டெஃக்கில் எழுதினேன். பின்சாய்கோட்டுக்குப் பிறகு 'பின்னம்', 'பை' என்ற பொருளில் கட்டளைச் சொற்கள். அச்சில் நான்கில் ஒரு பங்கு பை, சமக்குறி, ஒன்று, கழித்தல், மூன்றில் ஒன்று, கூட்டல், ஐந்தில் ஒன்று, இப்படியே முடிவில்லாமல். பின்னக் கோடுகள் எல்லாம் சமக்குறியின் நடுவுயரத்தில் ஒரே நேர்கோட்டில் நின்றன. கழித்தலுக்கு இருபுறமும் 4 கூறு காற்று.

கனூத் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் டெஃக்கின் பதிப்பெண்ணில் பையின் ஓர் இலக்கத்தைக் கூட்டுகிறார். தன் மறைவோடு அது பை என்றே நிலைத்துவிட வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். 2021இல் வந்தது 3.141592653. மாதவன் போய் நின்ற இடத்துக்கு இன்னும் இரண்டு இலக்கம் பாக்கி.