பழமனைகளும் புதுப்பூச்சும்

பழமனை ஒன்றைப் புதுக்குதல் என்றால் அதற்கு வண்ணம் தீட்டுதல் என்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். இக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதைப் பினாங்கின் மூன்று மனைகளைக் கொண்டே காட்டலாம்.

முதலாவது கொடிமலையில் உள்ளது. 1923இல் மலை இரயில் ஓடத் தொடங்குமுன், துரைமாரைக் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றிய மலை அது. அங்குள்ள கிராக் ஓட்டல் பின்னாளில் பள்ளிக்கூடமாயிற்று. பள்ளி அகன்றபின் பாழடைந்தது. 2015இல் ஒளிபரப்பான ‘இந்தியன் சம்மர்ஸ்’ என்னும் ஆங்கிலத் தொடருக்காக, அது சிம்லாவின் ஆங்கிலேயர் மன்றமாகக் கோலம் பூண்டது. கோலம் பூணுதல் புதுக்குதல் ஆகாது.

இரண்டாவது, ஜார்ஜ் டவுன் லீத் தெருவில் உள்ள சியோங் ஃபாட் ட்சேயின் நீல மாளிகை. சிதைந்து கிடந்த அதனை ஆர்வலர் சிலர் வாங்கி முறையாகப் பழுதுபார்த்தனர்; 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசிய சுவர்கள் அவை. சுண்ணச் சாந்து ஈரத்தை ஏற்று வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கும். உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். பழஞ்சுவருக்குப் பழஞ்சாந்தே மருந்து என்பதை உணர்ந்து செய்த பணி இது. பாராட்டத்தக்கதே.

மூன்றாவது, நிபோங் திபால் வட்டாரத்துக் கலிடோனியாத் தோட்டத்தின் தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை. பன்னெடுங்காலம் பாழடைந்து கிடந்த இதனைக் காணச் செல்வோர், பேய்க்கதைகளையும் 1948இல் அதன் உரிமையாளர் ராம்ஸ்டன் சுட்டுக் கொல்லப்பட்டதையும் பேசித் திரும்புவர். கரும்பு நட்டும், பின்னர் ரப்பர் மரம் வெட்டியும் அம்மாளிகைக்குச் செல்வம் சேர்த்த தமிழர் எவ்விடத்தில் உறங்கினர் என்று கேட்பார் இலர்.

இங்கேதான் நம் குறை தொடங்குகிறது. மாளிகைக்குப் பேய்க்கதையாவது எஞ்சியது. லயத்து வீடுகளுக்கு அதுவும் இல்லை. ‘வறுமையின் சின்னத்தை எதற்காகக் காக்க வேண்டும்?’ என்று சிலர் வினவுவர். வறுமையைப் போற்றுவதற்காக அன்று; அது இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்பதற்காகவே. நூறு கதவு கொண்ட வீட்டின் பொருள், ஒரே கதவு கொண்ட வீட்டை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் விளங்கும். ஒன்றை மட்டும் காப்பது பாதி வரலாற்றையே காப்பதாகும்.

மாளிகையைப் புதுக்கப் பெரும்பொருள் வேண்டும். லயத்து வீட்டைப் பதிவுசெய்ய ஓர் அளவுநாடாவும் ஓர் ஏடும் போதும். எஞ்சியுள்ள வீடு ஒன்றையேனும் மாணவரைக் கொண்டு அளந்து வரையச் செய்வோம். அறையின் அகலம், சமையற்கட்டு, அங்கு வாழ்ந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றை அவ்வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதச் செய்வோம். ஆசிரியர் செய்யக்கூடிய திருப்பணி இதுவே. முதியோர் இருக்கும்போதே இதனைச் செய்தாக வேண்டும்.