ஏழு மாத நட்சத்திரத்தின் கையெழுத்து

ஜேம்ஸ் டீன் எப்பேர்ப்பட்ட நடிகர் என்று யாராவது கேட்டால், 'ஜயண்ட்' படத்தின் கயிற்றுக் காட்சியைப் பாருங்கள் என்பேன். பண்ணை முதலாளியின் அக்கா சாகும்போது வேலைக்காரன் ஜெட் ரிங்குக்குத் துண்டு நிலம் எழுதிவைக்கிறாள். அதைத் திருப்பி வாங்கப் பெரிய மனிதர்கள் கூடிப் பணம் காட்டுகிறார்கள். ஜெட்டாக நடிக்கும் டீன் ஒரு கயிற்றைச் சுருட்டுகிறார், அவிழ்க்கிறார், மறுபடி சுருட்டுகிறார். பதில் வருவதாயில்லை. அறை முதலாளியாக நடிக்கும் ராக் ஹட்சனுடையது, பணமும் அவருடையது. நம் கண் மட்டும் கயிற்றை விட்டு நகராது. அப்புறம் அந்த நிலத்தின் எல்லையை ஜெட் எட்டுவைத்து அளக்கிறான். வசனம் கிடையாது. காற்றாடிக் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். கூலிக்காரன் சொந்தக்காரனாகும் கதை முழுக்க அந்த நடையில் இருக்கிறது.

1931இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் தாயை இழந்து, ஃபேர்மவுண்ட் என்ற சிற்றூரில் அத்தையின் பண்ணை வீட்டில் வளர்ந்தார். பிறகு நியூயார்க், ஆக்டர்ஸ் ஸ்டூடியோ, இயக்குநர் எலியா கசான். கசானின் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' படத்தில் மகன் சம்பாதித்துக் கொடுக்கும் பணத்தைத் தகப்பன் மறுப்பார். அந்த இடத்தில் டீன் தகப்பனாக நடித்த ரேமண்ட் மாஸியைக் கட்டிக்கொண்டு அழுதது எழுதிக்கொடுத்த நடிப்பல்ல. மாஸி திகைத்துப்போய் விறைக்கிறாரே, அதுவும் நிஜம். கசான் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

அந்தப் படம் வந்தது 1955 மார்ச்சில். செப்டம்பர் 30 அன்று, கலிபோர்னியாவின் சொலாம் அருகே சாலைச் சந்திப்பில், டீனின் போர்ஷே ஸ்பைடர் எதிரே வந்து திரும்பிய காரில் மோதியது. வயது 24. 'ரெபெல் வித்அவுட் எ காஸ்' அடுத்த மாதமும் 'ஜயண்ட்' அடுத்த ஆண்டும்தான் திரைக்கு வந்தன. 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' படத்துக்கும் கடைசிப் படத்துக்குமாக இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள், இரண்டும் இறந்தபின்.

கையெழுத்துச் சேகரிப்பவர்களின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஊர் அறிந்த நட்சத்திரமாக அவர் இருந்தது ஏழு மாதம்கூட இல்லை. அதில் பாதிக்குமேல் படப்பிடிப்பிலேயே போயிற்று. எத்தனை பேருக்குத்தான் போட்டுக் கொடுத்திருக்க முடியும்? ரசிகர்களுக்கு ஸ்டூடியோ அனுப்பிய படங்களில் பல, அலுவலக உதவியாளர்கள் போட்டவை. சந்தையில் சுற்றும் போலிகளோ தனி ரகம். சில போலிகளைப் பிடிக்க நிபுணர் வேண்டாம், காலண்டர் போதும்: பட்டையான மார்க்கர் பேனாவில் பளபளவென்று போட்டிருந்தால் கீழே வைத்துவிடலாம். இன்று நடிகர்கள் கையெழுத்துப் போடும் அந்தவகை ஃபெல்ட் முனைப் பேனா கடைக்கு வந்தது 1960களில். மைப்பேனா, பால்பாயிண்ட், பென்சில் – இவைதான் டீன் காலத்துச் சரக்கு. 'ரெபெல்' வெளியானபோது தியேட்டரில் தொங்கிய போஸ்டரில் அவர் கையெழுத்தா? ஆவிதான் போட்டிருக்க வேண்டும்.

என் கண்ணுக்கு மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஒப்பந்தத் தாள், காசோலை, அதைவிடவும் 1949இல் ஃபேர்மவுண்டில் பள்ளி முடித்தபோது கூடப்படித்தவர்களின் ஆண்டுமலரில் எழுதிக் கொடுத்தவை. அவற்றில் புகழுக்காக வளைத்த வளைவு இருக்காது. பக்கத்து பெஞ்சுக்காரனுக்காக எழுதிய கை. கயிற்றைச் சுருட்டிய கையும் அந்த ரகம்தான். கேமரா இருப்பதாகவே அதற்குத் தெரியாது.

'ஜயண்ட்' முடிவில் ஜெட் கிழவனாகி, போதையில், காலியான விருந்து மண்டபத்தில் தனியே உளறுவான். டீனின் முணுமுணுப்பில் பல சொற்கள் விளங்கவில்லை. திருத்திப் பேசவைக்க ஆள் இல்லாததால் நண்பர் நிக் ஆடம்ஸை அழைத்துச் சில வரிகளுக்குக் குரல் கொடுக்கவைத்தார்கள். உதவியாளர் போட்ட கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடும் சேகரிப்பாளர்களில் பலர் இந்தக் குரலைக் கண்டுபிடிப்பதில்லை. நானும் மூன்றாம்முறை பார்த்தபோதுதான் காதைத் தீட்டினேன். அதற்குமுன் இரண்டு தடவையும் மேஜைமேல் சரியும் அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.